எந்த ஊர்? – ஆங்கிலச் சிற்றூர் ஏடுகளில் ஒரு தேடல்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் தமிழர் இருவர் புகைவண்டியிலோ கடைத்தெருவிலோ எதிர்ப்பட்டால், பெயரைக் கேட்பதற்கு முன்னரே கேட்கும் வினா ஒன்றுண்டு. 'உங்களுக்கு எந்த ஊர்?' என்பதே அவ்வினா. முதல் தலைமுறையினர் அதற்குத் தயங்காமல் விடை கூறுவர். இரண்டாம் தலைமுறையினர் தந்தையின் ஊரைத் தம் ஊராகச் சொல்லுவர். மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளோ விடை தெரியாமல் தாயின் முகத்தைப் பார்ப்பர்.

நாம் அன்பினால் கேட்கும் இவ்வினாவைச் சட்டமாக்கி, ஏழை எளியவரை நடுவர்முன் நிறுத்திக் கேட்டு, அவர் கூறிய விடையை ஏட்டில் எழுதியும் வைத்த நாடு ஒன்றுண்டு. அதுவே இங்கிலாந்து. அன்பின்றிக் கேட்ட அவ்வினாவின் விடைகளே இன்று அந்நாட்டுச் சிற்றூர் வரலாற்றுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் விலைமதிப்பரிய சான்றுகளாக விளங்குகின்றன. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்கும் அதன் பெட்டியும்

வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் மாளிகையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலேயரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தனர். சிற்றூரின் வரலாறும் வரலாறே என்னும் எண்ணம் அங்குக் கல்வித்துறையில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1948-இல் லெஸ்டர் நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில வட்டார வரலாற்றுக்கெனத் தனித்துறை ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் தலைவராக அமர்ந்த டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1955-இல் ஆங்கில நாட்டு நிலத்தோற்றத்தின் உருவாக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். வேலியும் வரப்பும் வண்டிப்பாதையும் படிக்கத் தெரிந்தவனுக்கு ஆவணங்களே என்பதை அந்நூல் நிலைநாட்டியது. நிலத்தைப் படிப்பது ஒரு கலை. அந்நிலத்தில் வாழ்ந்தவரின் பெயரைத் தேடுவது மற்றொரு கலை. இரண்டாவதற்கு ஏடுகள் வேண்டும். அவ்வேடுகள் பங்கிலே கிடைக்கும்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் தொன்றுதொட்டுத் திருச்சபைப் பங்குகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. நம் நாட்டுக் கிறித்தவ மக்களும் பங்கு, பங்குக் குரு என்னும் சொற்களை வழங்குகின்றனர். ஒரு கோயிலும், அதனைச் சூழ்ந்த சில சிற்றூர்களும், அவற்றின் வயல்களும் சேர்ந்ததே ஒரு பங்கு. அத்தகைய பழம்பங்குகள் ஏறத்தாழப் பத்தாயிரம் இருந்தன. வழிபாட்டுக்கென ஏற்பட்ட இவ்வட்டமே நாளடைவில் ஊராட்சியின் அலகும் ஆயிற்று. 1555-ஆம் ஆண்டுச் சட்டம் சாலைகளைச் செப்பனிடும் பொறுப்பைப் பங்கின் தலையில் வைத்தது. 1601-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளைக் காக்கும் கடமையையும், அதற்கென வரி தண்டும் உரிமையையும் அதனிடமே ஒப்படைத்தது. ஆகவே பங்கின் ஏடுகளில் பிறப்பும் மணமும் இறப்பும் மட்டும் இடம்பெறவில்லை. கைம்பெண்ணுக்கு வாரந்தோறும் கொடுத்த காசும், தாய்தந்தையற்ற பிள்ளைக்கு வாங்கிய காலணியின் விலையும், பிணம் அடக்கிய கூலியும் அவற்றில் ஏறின. இவையெல்லாம் கோயிலில் ஒரு கனத்த மரப்பெட்டியில் வைத்துக் காக்கப்பட்டன.

பதிவேடு எழுதும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல். மன்னரை வீழ்த்திய ஆலிவர் கிராம்வெல் இவருக்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்டவர். ஒவ்வொரு பங்கிலும் நிகழும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் ஞாயிறன்று ஏட்டில் எழுத வேண்டுமென 1538 செப்டம்பரில் அவர் ஆணையிட்டார். அவ்வேட்டை இரண்டு பூட்டுகள் உள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு திறவுகோல் குருவிடமும் மற்றொன்று கோயில் மேற்பார்வையாளரிடமும் இருத்தல் வேண்டும் என்பதும் ஆணை. மக்கள் இதனை உவந்து ஏற்றனரோ எனின், இல்லை. புதிய வரி ஒன்று விதிப்பதற்கான சூழ்ச்சி இது என்றே பலரும் அஞ்சினர். ஆளுவோர் கணக்கெடுக்கத் தொடங்கினால் ஆளப்படுவோர் அஞ்சுவது எந்நாட்டுக்கும் பொதுவன்றோ!

தொடக்க காலத்தில் பலர் தாள் ஏடுகளிலேயே எழுதினர். அவை சிதைவுற்றமையால், தோல் ஏடுகளில் பெயர்த்தெழுதுமாறு 1598-இல் ஆணை பிறந்தது. முதலிலிருந்தே எழுதுக, இயலாதெனில் எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதலேனும் எழுதுக என்று அவ்வாணை இடம்கொடுத்தது. சோம்பல் மிக்க எழுத்தர் பலருக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று. முதல் இருபது ஆண்டுப் பெயர்கள் பற்பல பங்குகளில் அவ்வாறே மறைந்தன. உள்நாட்டுப் போர் நிகழ்ந்த பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பல ஏடுகளில் வெற்றிடங்கள் காணப்படுகின்றன.

தேடுவோர் கையாளும் முறை

குடும்ப வரலாறு தேடுவோர் முன்னோரிலிருந்து தொடங்கிக் கீழிறங்கி வருவதில்லை. தம்மிடமிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லுவர். வீட்டு முதியோரின் நினைவே முதற்படி. பிறகு, 1837 ஜூலை முதல் அரசு எழுதிவரும் பிறப்பு, மண, இறப்புச் சான்றுகள். அடுத்து, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கேடுகள். இவை நூறாண்டுகள் மூடிவைக்கப்பட்டபின் மக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1921-ஆம் ஆண்டின் ஏடு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டின் ஏடுகளோ 1942-இல் தீக்கிரையாயின. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நிகழவில்லை. ஆகவே அடுத்தடுத்து இரண்டு படிகள் இல்லாத ஏணி அது.

1837-க்கு முற்பட்ட காலத்துக்குச் செல்லப் பங்கின் பதிவேடே துணை. அதனைப் படிப்போர் சில நுட்பங்களை அறிந்திருத்தல் வேண்டும். 1733 வரை இலத்தீனில் எழுதப்பட்ட ஏடுகள் பல. 1752-க்கு முன்னர் அந்நாட்டில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ஆம் நாள். எனவே 1700 பிப்ரவரி என்று ஏட்டில் இருப்பின் நம் கணக்கில் அது 1701 ஆகும். இதை அறியாதவர், பெற்றோரின் திருமணத்துக்கு முன்னரே குழந்தை பிறந்ததாக எண்ணி மயங்குவர். 1754 முதல் அச்சிட்ட படிவத்தில் மணமக்கள் கையெழுத்திட வேண்டியதாயிற்று. எழுத்தறியாதவர் ஒரு கீறல் குறி இட்டனர். கலப்பை பிடித்த கையும் தயிர் கடைந்த கையும் நடுங்கி இட்ட அக்குறிகளை எண்ணித்தான், அக்காலத்தில் எழுதத் தெரிந்தவர் எத்துணைப்பேர் என்பதை அறிஞர் கணித்தனர். 1783 முதல் 1794 வரை பதிவு ஒவ்வொன்றுக்கும் மூன்று பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்த இயலாத ஏழைக்கு விலக்களித்து, அவன் பெயரருகே ஏழை என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தை எழுதினர். 1813-க்குப் பின்னர்த் தந்தையின் தொழிலும் இருப்பிடமும் பதிவாயின.

இவ்வேடுகள் முன்னர் அந்தந்தக் கோயிலிலேயே ஈரத்திலும் எலிப்பல்லிலும் சிக்கிக் கிடந்தன. 1978-இல் திருச்சபை இயற்றிய விதியின்படி, தக்க பாதுகாப்பின்றி நூறாண்டு கடந்த ஏடுகளைக் கோயிலில் வைத்திருத்தல் ஆகாது என்றாயிற்று. அவற்றுள் பெரும்பாலானவை மாவட்ட ஆவணக் காப்பகங்களை அடைந்தன. அத்தகைய காப்பகங்களுள் முதலாவது பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் 1913-இல் தோன்றியது.

தங்கியவரும் சென்றவரும்

ஒரு பங்கின் ஏட்டில் உள்ள பெயர்களை எல்லாம் துண்டுத்தாள்களில் பெயர்த்தெழுதி, கணவன், மனைவி, மக்கள் எனக் கோத்து, குடும்பம் குடும்பமாக மீண்டும் உருவாக்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் வகுத்தனர். டெவன் மாவட்டத்தில் உள்ள கொலிட்டன் என்னும் பங்கின் ஏடுகளில் இம்முறையைக் கையாண்டு, இ. ஏ. ரிக்லி என்னும் அறிஞர் 1966-இல் வெளியிட்ட ஆய்வு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. முற்காலத்து ஆங்கிலப் பெண்கள் இளமையிலேயே மணம் முடித்திருப்பர் என்று எண்ணியிருந்தோர்க்கு, கொலிட்டன் ஏடு வேறு விடை தந்தது. 1560-க்கும் 1646-க்கும் இடையே அங்குப் பெண்கள் முதல் மணம் செய்த சராசரி வயது 27; அடுத்த எழுபதாண்டுகளில் அது ஏறத்தாழ 30. தனி வீடும் பிழைப்பும் அமையும்வரை இளைஞர் மணம்புரியாது காத்திருந்தனர் என்பதே அறிஞர் இதற்குக் கூறும் விளக்கம்.

ரிக்லியும் பீட்டர் லாஸ்லெட்டும் 1964-இல் கேம்பிரிட்ஜில் நிறுவிய ஆய்வுக் குழு, பின்னர் 404 பங்குகளின் ஏடுகளைக் கொண்டு நாட்டின் மக்கள்தொகை வரலாற்றையே வரைந்தது. ரிக்லியும் ஆர். எஸ். ஸ்கோஃபீல்டும் எழுதிய அப்பெருநூல் 1981-இல் வெளிவந்தது. இதில் நாம் போற்றத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்த 404 ஏடுகளை எண்ணித் தொகுத்தவர் பெரும்பாலும் ஊர்ப்பற்றும் ஓய்வுநேரமும் உடைய தன்னார்வலர்களே. கூலி பெறாத அவர்தம் உழைப்பின்மீதே அம்மாளிகை எழுந்தது.

இனி, இம்முறைக்கு உள்ள குறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறந்த பங்கிலேயே மணந்து, அங்கேயே மக்களைப் பெற்று, அங்கேயே அடக்கமானவரின் வாழ்வே முழுமையாகக் கோக்கத்தக்கது. திருமுழுக்குப் பெற்றதாக ஒரு வரி மட்டும் உண்டு. பிறகு மண வரியும் இல்லை, அடக்க வரியும் இல்லை எனில், அவர் ஊரைவிட்டுச் சென்றவர். ஆய்வாளர் அவரைக் கணக்கிலிருந்து விலக்கவே நேரும். அன்றைய ஆங்கில நாட்டில் இவ்வாறு சென்றவர் சிலரல்லர்; ஊழியம் தேடியும், மணம் புரிந்தும், இலண்டன் நகரை நோக்கியும் சென்றவர் மிகப் பலர். பதிவேடு தங்கியவரின் நூல். சென்றவரின் கதையை வேறெங்கேனும்தான் தேட வேண்டும்.

மிடில் ஊரின் முதியவர்

அவ்வாறு தேடுவோர்க்குக் கிடைத்த அரிய செல்வம், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஷ்ரூஸ்பரி நகருக்கு வடக்கே உள்ள மிடில் என்னும் பங்கின் வரலாறு. அதனை எழுதியவர் ரிச்சர்டு கோஃப். 1635-இல் பிறந்து 1723-இல் மறைந்தவர். பட்டம் பெற்ற புலவரல்லர். அப்பங்கைச் சேர்ந்த நியூட்டன் என்னும் சிற்றூரில் சொந்த நிலம் வைத்து வாழ்ந்தவர். இளமையில் ஒரு நடுவரிடம் எழுத்தராக இருந்து சட்ட நுணுக்கம் கற்றவர். அறுபத்தைந்து வயது கடந்தபின், 1700 முதல் 1702 வரையிலான ஆண்டுகளில் தம் ஊரைப் பற்றி எழுத அமர்ந்தார்.

அவர் எழுதிய முறைதான் வியப்புக்குரியது. மன்னர் ஆண்டு வரிசையை அவர் பின்பற்றவில்லை, அகரவரிசையையும் கொள்ளவில்லை. மிடில் கோயிலில் மக்கள் அமரும் பலகை இருக்கைகளின் படத்தை வரைந்தார். ஒவ்வோர் இருக்கையாக எடுத்துக்கொண்டு, இஃது எந்த வீட்டுக்கு உரியது, அவ்வீட்டில் வாழ்ந்தவர் யார், அவர்தம் தந்தையும் பாட்டனும் யார், மக்கள் எங்குச் சென்றனர் என்று எழுதிக்கொண்டே சென்றார். அக்கோயிலில் இருக்கை ஆளுக்கு உரியதன்று, வீட்டுக்கும் நிலத்துக்கும் உரியது. முன் வரிசையில் செல்வர். பின் வரிசையில் குடிசைவாசிகள். ஆயினும் கோஃப் பின் வரிசையை ஒதுக்கவில்லை. பெருநிலக்கிழாரின் கடனையும் குடியையும் எழுதிய அதே எழுதுகோலால் தையற்காரனின் வறுமையையும், நெசவாளியின் நேர்மையையும், கள்வனின் கைவரிசையையும் எழுதினார். அயலாரைப் புகழவும் பழிக்கவும் அவர் அஞ்சவில்லை. திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசும் நம் பெரியவர் ஒருவரின் குரலே அந்நூலில் கேட்கிறது.

சென்றவரைக் குறித்து அவர் எழுதியிருப்பதைப் பார்ப்போம். 1642-இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது அவர் சிறுவர். மன்னர் படைக்கு ஆள் சேர்த்த காட்சியை ஊர்க் குன்றின்மேல் தம் கண்ணால் கண்டவர். மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று சிற்றூர்களிலிருந்தும் இருபதின்மர் படைக்குச் சென்றனர். அவருள் பதின்மூவர் மடிந்தனர் என்று அவர் கணக்குச் சொல்கிறார். அறுபதாண்டுகள் கழிந்தபின்னும் அவர்தம் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறார். மார்ட்டனைச் சேர்ந்த தாமஸ் ஃபார்மஸ்டன் நல்ல எதிர்காலம் உடைய இளைஞன். ஆனால் அவன் எவ்விடத்தில் கொல்லப்பட்டான் என்பது தமக்குத் தெரியாது என்கிறார். ரிச்சர்டு சாலனர் என்பவன் மணமாகாத உறவில் பிறந்தவன். பங்கின் உதவியால் ஒருவாறு வளர்ந்தவன். உடல் வளர்ந்த பிள்ளையாதலின் ஷ்ரூஸ்பரிக்குச் சென்று படையில் பெயர் கொடுத்தான். அவ்வாண்டு அக்டோபர் 23-ஆம் நாள் நடந்த எட்ஜ்ஹில் போருக்குச் சென்றான். அதன்பின் அவனைப் பற்றிய செய்தியே அந்நாட்டுப்புறத்துக்கு எட்டவில்லை.

தந்தையின் பெயரையன்றி வேறொன்றும் பெறாத பிள்ளை அவன். அவன் இறந்த செய்தியை எழுத எந்தப் பங்கின் ஏடும் இல்லை. ஆயினும் அவன் இருந்தான், சென்றான், திரும்பவில்லை என்பதை இன்றும் உலகம் அறிகிறது. காரணம், ஊர்க் கிழவர் ஒருவர் மறக்கவில்லை. மறக்காததோடு எழுதியும் வைத்தார்.

கோஃபின் கையெழுத்து ஏடு நெடுங்காலம் அச்சேறவில்லை. 1834-இல் ஒரு பகுதியும், 1875-இல் முழுமையும் வெளிவந்தன. 1974-இல் டேவிட் ஹே என்னும் அறிஞர், உயில்கள், பதிவேடுகள், நில ஆவணங்கள் ஆகியவற்றோடு அந்நூலை ஒப்பிட்டு மிடில் ஊரின் வரலாற்றைத் தனிநூலாக எழுதினார். முதியவரின் நினைவு பெரும்பாலும் பிழையற்றதே என்பதை ஏடுகள் மெய்ப்பித்தன.

சட்டம் கேட்ட வினா

எல்லாப் பங்குக்கும் ஒரு கோஃப் வாய்க்கவில்லை. மற்ற ஊர்களில் சென்றவரின் கதையைக் காத்தது எது? அவரைக் கண்டு அஞ்சிய சட்டமே காத்தது.

ஏழையைக் காப்பது பங்கின் கடமை என்று 1601-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததைக் கண்டோம். கடமை என்றவுடன் எழுந்த கேள்வி, 'எந்தப் பங்கின் கடமை?' என்பது. 1662-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு விடை வகுத்தது. ஒவ்வொருவருக்கும் உரிய ஊர் என ஒன்றுண்டு. அவர் வறுமையுற்றால் அவ்வூரே காக்க வேண்டும். வேற்றூரில் வந்து குடியேறியவர் அவ்வூருக்குச் சுமையாகக் கூடும் என்று தோன்றினால், நாற்பது நாள்களுக்குள் முறையிட்டு, நடுவர் இருவர் ஆணையால் அவரைத் திருப்பி அனுப்பலாம். ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகை கொடுக்க வல்லவரை இச்சட்டம் தீண்டவில்லை. ஏழைக்கு மட்டுமே இவ்விலங்கு.

ஊருரிமையை அடையும் வழிகளும் படிப்படியாக வகுக்கப்பட்டன. மணமாகாதவர் ஓர் ஊரில் ஓராண்டு முழுதும் ஊழியம் செய்தால் உரிமை உண்டு. ஆகவே கணக்கறிந்த உழவர் சிலர், ஐம்பத்தொரு வாரங்களுக்கே ஆள் அமர்த்தினர். மனைவிக்குக் கணவனின் ஊரே ஊர். ஆகவே கணவனை இழந்தவள், தான் பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து, கண்ணால் கண்டறியாத கணவன் ஊருக்குப் பிள்ளைகளோடு அனுப்பப்படலாம். மணமாகாமல் கருவுற்ற பெண்ணின் பிள்ளைக்கோ பிறந்த ஊரே ஊர். ஆகவே பேறுகாலம் நெருங்கிய நிலையில் அவளை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட விரைந்த அதிகாரிகளும் இருந்தனர். 1697-ஆம் ஆண்டுச் சட்டம், உதவி பெறும் ஏழைகள் தம் பங்கின் முதலெழுத்தோடு கூடிய அடையாளத் துணியைத் தோளில் அணிய வேண்டுமென்றது. இரு பங்குகள் ஓர் ஏழையை ஒன்றின்மேல் ஒன்று தள்ளி வழக்காடுவதும் உண்டு. மிடில் பங்கு நடத்திய அத்தகைய வழக்குகளையும் கோஃப் தம் நூலின் இறுதியில் தொகுத்துள்ளார். வழக்குக்கு ஆன செலவில் அந்த ஏழையையே காத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஐயத்துக்கு ஆளானவரை நடுவர்முன் நிறுத்திக் கேட்பர்: உன் வயது யாது? எங்கே பிறந்தாய்? தந்தை யார், அவருக்கு எந்த ஊர்? யாரிடம் ஊழியம் செய்தாய், எத்துணைக் காலம், என்ன கூலி? எப்போது, எங்கே மணந்தாய்? பிள்ளைகளின் பெயரும் வயதும் என்ன? அவர் கூறியதை எழுத்தர் எழுதுவார். அவர் கீழே கீறல் குறி இடுவார். இவ்வாக்குமூலங்கள் ஆயிரக்கணக்கில் பங்குப் பெட்டிகளில் எஞ்சியுள்ளன.

இங்குதான் வரலாற்றின் விந்தையைக் காண்கிறோம். ஊரிலேயே தங்கி உண்டு உறங்கி இறந்த ஏழைக்கு ஏட்டில் மூன்று வரிகள் மட்டும். பிழைப்புக்காக ஊர்விட்டுச் சென்று, நோயாலோ பஞ்சத்தாலோ வீழ்ந்து, நடுவர்முன் நின்றவருக்கோ ஒரு பக்க வாழ்க்கை வரலாறு. எழுத்தறியாத அம்மக்கள் தம் வாழ்வைத் தாமே கூறிய சான்றுகள் அவற்றையன்றி மிகக் குறைவு. அவரை விரட்டுவதற்காக எழுதிய ஏடே இன்று அவர் வழிவந்தோர்க்கு அவரைத் தேடித் தருகிறது. அதற்காக அச்சட்டத்தை வாழ்த்துதல் ஆகாது. ஏட்டைக் கையில் எடுப்பவர், அஃது எக்காரணத்துக்காக எழுதப்பட்டது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். அஞ்சி நிற்பவர் கூறிய விடையில் எல்லாம் இருக்கும் என்று எண்ணுவதும் பேதைமை.

1795-இல், உண்மையிலேயே உதவி கேட்டு வந்தவரையன்றி மற்றவரை வெளியேற்றலாகாது என்று சட்டம் சற்றே இரங்கியது. 1948-இல் ஏழையர் சட்டமே முடிவுக்கு வந்தது. இதற்கிடையே 1851-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிறந்த பங்கின் பெயரை நாட்டு மக்கள் எல்லோரிடமும் கேட்டது. செல்வரிடமும் வறியவரிடமும் ஒரே தாளில், ஒரே நாளுக்குரியதாக, வெளியேற்றும் நோக்கமின்றிக் கேட்கப்பட்ட வினா அது. அவ்வாண்டில் நாட்டு மக்களுள் பாதிக்குமேற்பட்டோர் நகரவாசிகளாகிவிட்டனர் என்பது தெரியவந்தது. தொழில் நகரத்துச் சந்து ஒன்றில் வாழ்ந்த நெசவாலைத் தொழிலாளியின் பெயரருகே, எங்கோ உள்ள சிற்றூரின் பெயர் நிற்கிறது. அவ்வொரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைய குடும்ப வரலாற்று ஆர்வலர் பலர் மூதாதையின் கோயில் வாயிலை அடைகின்றனர்.

கடல் கடந்து சென்றவர்

சென்றவருள் சிலர் நம் கரைக்கும் வந்தனர். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையுள் உள்ள புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28-ஆம் நாள் அருச்சிக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4-ஆம் நாள், பின்னாளில் கோட்டையின் ஆளுநரான எலிஹு யேலின் திருமணம் அதன் ஏட்டில் முதல் மணமாகப் பதிவாயிற்று. கிராம்வெல் தொடங்கிவைத்த வழக்கம் கடல் கடந்து வங்கக் கரையில் தொடர்ந்தது. சென்னையில் எழுதிய பதிவுகளின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

மிடில் பங்கு அமைந்த ஷ்ராப்ஷயர் மாவட்டத்திலேயே மோர்ட்டன் சே என்னும் பங்கும் உள்ளது. அங்கு 1725-இல் பிறந்த ராபர்ட் கிளைவ் 1753 பிப்ரவரியில் இப்புனித மேரி ஆலயத்தில் மணம் புரிந்தார். 1774-இல் இறந்து, பிறந்த பங்கின் கோயிலிலேயே அடக்கமானார். செல்வம் திரட்டியவருக்குத் திரும்பிச் செல்லும் பேறும் கிட்டியது. கும்பினிப் படையில் சேர்ந்து வந்த எளிய சிப்பாய்களோ நோய்க்கும் போருக்கும் இரையாகி இம்மண்ணிலேயே அடங்கினர். ஓர் ஆங்கிலச் சிற்றூரின் ஏட்டில் திருமுழுக்கு வரியோடு நின்றுபோன பெயர், சென்னைக் கோட்டையின் அடக்க ஏட்டில் முடிவு பெறுவது உண்டு. சென்னை மாகாணத்தின் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து ஜே. ஜே. காட்டன் 1905-இல் வெளியிட்ட பட்டியலும், அவ்வாறு தேடுவோர்க்குத் துணைநின்று வருகிறது. ஒருவனின் வரலாறு முழுமை பெற அவன் புறப்பட்ட ஊரின் ஏடும் வேண்டும், சென்று சேர்ந்த ஊரின் ஏடும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

நாம் கருதத்தக்கது

ஆங்கிலச் சிற்றூர் வரலாற்றில் நாம் கண்ட பாடம் ஒன்றே. தங்கியவரை ஊர் எழுதிக்கொள்ளும். சென்றவரை அதிகாரம் ஐயுற்று எழுதும். அல்லது அன்புடைய ஒருவர் நினைந்து எழுதுவார். இரண்டும் இல்லையெனில் அவர் இருந்ததற்கே சுவடு இராது.

நாமோ சென்றவர்கள். நம் பாட்டனாரின் பெயர் நிலப்பத்திரத்திலோ கோயில் நன்கொடைக் கல்லிலோ எங்கேனும் இருக்கலாம். ஆனால் பிறந்த ஊரை விட்டு, மொழி தெரியாத நிலையத்தில் ஒரு தகரப் பெட்டியோடு இறங்கிய தந்தையாரின் முதல் நாளை எந்த அலுவலகமும் எழுதி வைக்கவில்லை. முதல் மாதம் அவருக்கு இடம் கொடுத்தவர் யார், அவர் எத்தனைபேருக்குப் பின்னர் இடம் கொடுத்தார், அன்னையார் அண்டை வீட்டாரிடம் எந்தச் சொல்லை முதலிற் கற்றார் என்பன எல்லாம் இன்று நம்மிடையே உள்ள சில முதியோரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன.

கோஃப் தம் கோயிலின் பலகை இருக்கைகளிலிருந்து தொடங்கினார். நமக்கும் ஒரு மண்டபம் உண்டு. அதில் நாற்காலிகளும் உண்டு. பொங்கல் விழாவிலும் பட்டிமன்றத்திலும் முன் வரிசையில் அமர்ந்தவர் யார், பின்னால் நின்று தேநீர் வழங்கியவர் யார், ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் வந்தார், யாருடைய கடிதத்தை நம்பி வந்தார் என்று வரிசை வரிசையாக ஒருவர் எழுதத் தொடங்கினால் போதும். குலப்பெருமை பேசுவதற்காக அன்று. கடனும் தோல்வியும் சண்டையும் அதில் இடம்பெறட்டும். கோஃப் அவற்றை விலக்கவில்லை. தேநீர் வழங்கியவரின் பெயர் விடுபடாதிருத்தலே முக்கியம்.

அவ்வேடு எழுதி முடிந்தால், 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்கப்படும் நம் பேரப்பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. புறப்பட்ட ஊர், வந்து சேர்ந்த ஊர் என இரண்டு ஊர்களின் பெயரையும் அது தயங்காமல் சொல்லும்.